மாஞ்சோலைக்கு மூணே கால் பஸ்

நான் ஒரு மனிதரின் கணுக்காலைச் சுளுக்க வைத்திருக்கிறேன். அவரைத் தொடவில்லை, தள்ளவில்லை, அதுவரை அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. முழுக்க முழுக்க ஒரு இணையதளத்தை வைத்தே இதைச் சாதித்தேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சென்னையில் ஒரு கம்பெனியில் ஒன்பது மாதம் இருந்துவிட்டு, "மேனேஜர் எனக்குச் சரிப்படவில்லை" என்று சொல்லிக்கொண்டு மேலப்பாளையத்துக்கே திரும்பியிருந்தேன். (மேனேஜருக்குத்தான் நான் சரிப்படவில்லை. ஒரே நாற்காலியில் பத்து நிமிடம் உட்காராத ஆளை அவரும் என்னதான் செய்வார்?) வீட்டிலும் அப்படித்தான். போனைக் கையில் வைத்துக்கொண்டு முன்கட்டுக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "இவன் நடக்குத நடைக்கு மெக்காவுக்கே போயிட்டு வந்திருக்கலாம்" என்பாள் உம்மா.

என் அக்கா சபீனா ராத்தா பிசியோதெரபி படித்தவள். தச்சநல்லூரில் மெயின் ரோட்டு மேல் ஒரு சின்ன கிளினிக் திறந்திருந்தாள். மச்சான் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். கிளினிக் திறக்கும்போதே அவர் ஒரு கெடு வைத்திருந்தார். "ஆறு மாசம் பாப்போம். ஆளு வரலேன்னா பூட்டிட்டு இங்கன வந்துரு." ராத்தாவும் சரி என்றிருந்தாள். நாலு மாதம் ஓடிவிட்டது. வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இரண்டு விரல் உம்மா. (ஆள் இருப்பது போலத் தெரியட்டும் என்று வந்து உட்கார்ந்துவிட்டுப் போவாள்.)

காலையில் போய் ஒரு தூசியும் இல்லாத சிகிச்சைக் கட்டிலை ராத்தா மறுபடி மறுபடி துடைப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ராத்தா, நீ வெசனப்படாத. ஜனங்க இப்பம் எல்லாத்தையும் நெட்டுலதான் தேடுதாங்க. நான் உன்னைய முதல் எடத்துல கொண்டாந்து நிறுத்துதேன்" என்றேன். இந்த வித்தைக்கு எஸ்.இ.ஓ. என்று பெயர். யாராவது தேடினால் நம் இணையதளம் மற்றவர்களுக்கு மேலே வந்து நிற்கும்படி செய்வது. அதைப் பற்றி நான் மூன்று வீடியோ பார்த்திருந்தேன். மூன்றாவதைப் பாதிதான் பார்த்தேன்.

முதல் வேலையாக, 'திருநெல்வேலி சிறந்த பிசியோதெரபி' என்று நூற்று நாற்பது தடவை எழுதி, வெள்ளைத் தாளில் வெள்ளை மை போல ஒளித்துவைத்தேன். வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்கு மட்டும் தெரியும் என்று கணக்கு. (அந்தத் தந்திரம் தேடுபொறிக்கு நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தெரியும் என்பதைப் பிறகு அறிந்தேன். மேலே தூக்குவதற்குப் பதில் பிடித்துக் கீழே தள்ளுமாம்.) பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தேடிப் பார்த்தேன். சாப்பிடும்போது தேடினேன். பைக்கில் சிக்னலில் நின்று தேடினேன். நான்காம் நாள், ஆஹா! முதல் இடம்!

குடும்பக் குழுவில் படம் பிடித்துப் போட்டேன். எல்லோரும் மாஷா அல்லாஹ் போட்டார்கள். ராத்தா மட்டும் பக்கத்து மருந்துக் கடைக்காரரின் போனை வாங்கித் தேடிப் பார்த்தாள். ஏழாவது பக்கத்தில் கிடந்தது.

"ஏலே, நீ ஒரு நாளைக்கு நாப்பது தடவ அதையே தேடி அதையே தொறக்க. உன் மனசு நோவக்கூடாதுன்னு அது உனக்கு மட்டும் மேல காட்டுது" என்றாள்.

அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது வீடியோவின் மீதிப் பாதியைப் பார்த்துத் தொலைத்தேன். 'உங்கள் ஊர் மக்கள் எதைத் தேடுகிறார்களோ அதை எழுதுங்கள்' என்றது அது. அறிவுள்ளவன் கிளினிக்குக்கு வந்த நாலு பேரிடம் போய், 'நீங்க என்னன்னு தேடி வந்தீங்க' என்று கேட்டிருப்பான். நான் புது பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அங்கே ஆயிரம் பேர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்: பஸ் எப்போது?

அன்று சாயங்காலமே கிளினிக் இணையதளத்தில் ஒரு புதுப் பக்கம் ஏறிவிட்டது. அம்பாசமுத்திரம், பாபநாசம், மாஞ்சோலை பஸ் நேரங்கள். ஆதாரம்? கல்லூரி இரண்டாம் ஆண்டில் அருவிக்குப் போனபோது நான் பஸ் ஸ்டாண்டில் எடுத்த ஒரு போட்டோ. நண்பன் தலைக்குப் பின்னால் நேரப் பலகை பாதி தெரிந்தது. தலை மறைத்த நேரங்களை உத்தேசமாகப் போட்டேன். ஒவ்வொரு ஊருக்கும் கீழே பெரிய எழுத்தில், 'மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்' என்று ராத்தாவின் கிளினிக் நம்பர்.

ஒரே வாரம். இணையதளத்துக்கு வருகிறவர்களின் கோடு மாஞ்சோலை மலைப்பாதை மாதிரி விறுவிறுவென்று ஏறியது. போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ராத்தா முதல் நாள் ஓடி ஓடி எடுத்தாள். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே ரபீக்கு, என்னலே செஞ்ச? பாபநாசத்துக்குக் கடைசி பஸ் எப்பம்னு கேக்காவ. சீட்டு போட முடியுமான்னு கேக்காவ. ஒரு ஆளு, கண்டக்டர் சில்லறை தரலன்னு என்னைய ஏசுதாரு!"

"கேக்கட்டும் ராத்தா. பஸ் ஏறுதவனுக்கும் முதுகு இருக்குல்லா?" என்றேன். அந்த பதில் எனக்கு அப்போது மிகவும் பிடித்திருந்தது.

அடுத்த நாள் கடையநல்லூரிலிருந்து ராத்தாவின் மாமியார் வந்தார். மைமூன் மாமி. 'நீங்க ஒரு எட்டு போயி பாத்துட்டு வாங்கம்மா' என்று மச்சான்தான் அனுப்பியிருந்தார். மாமி என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ராத்தா காலையிலிருந்தே துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். நோயாளி ஒருவர்கூட இல்லை. மாமி நாற்காலியில் அமர்ந்து நாலு சுவரையும் பார்த்தார். போன் அடித்தது. வைத்ததும் அடித்தது. மறுபடியும் அடித்தது.

"மாஷா அல்லாஹ்! ஓயாம அடிக்குதே!" என்றார் மாமி.

ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் இரண்டு கட்டளைகள் இருந்தன: ஒன்று, எடு; இரண்டு, மாமிக்குக் கேட்கக் கூடாது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலுக்குப் போய், உள்ளே காதில் விழும்படி உரக்கச் சொன்னேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி, முட்டு வலியா?"

"முட்டுமில்ல, வலியுமில்ல. மாஞ்சோலைக்கு மத்தியானம் பஸ் எப்பம்?"

"ரொம்ப நாளா இருக்கோ?" (இது உள்ளே இருப்பவர்களுக்கு.) பிறகு குரலைத் தாழ்த்தி, "மூணே காலு" என்றேன்.

"நிச்சயமாத்தானா? அத விட்டா நாளைக்குத்தான்."

"கண்டிப்பா. பயப்படாதீங்க, சரியாயிரும்!" என்று முடித்தேன். உள்ளே மாமி திருப்தியாகத் தலையாட்டுவது தெரிந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் இப்படி ஒன்பது பேருக்கு வைத்தியம் பார்த்தேன்.

நாலு மணி வாக்கில் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் இறங்கினார். கையில் இரண்டு துணிப் பை. ராத்தாவின் முகம் மலர்ந்தது. மாமி எழுந்து நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். என் இணையதளத்தின் முதல் நோயாளி!

"எங்க அந்த பஸ் ஆபீஸு?" என்றார் அவர்.

அவர் பெயர் சவரிமுத்து. மாஞ்சோலை எஸ்டேட்டில் வேலை. (அங்கே அப்போது தொழிலாளர்கள் குடியிருந்தார்கள்; தேயிலைத் தோட்டத்தை மூடி அவர்களைக் கீழே இறக்கியது பிறகுதான்.) மனைவி லில்லியோடு சொந்தத்தில் ஒருவர் இறந்துபோன துஷ்டி வீட்டுக்கு வந்துவிட்டு மலைக்குத் திரும்ப வேண்டியவர். 'மூணே காலு' என்ற என் சொல்லை நம்பி, பஸ் ஸ்டாண்டில் நிதானமாக டீ குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டரைக்கே மாஞ்சோலை பஸ் அவர் கண் முன்னால் நகர்ந்திருக்கிறது. கிளாசைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பஸ் போய்விட்டது, கால் மடங்கிவிட்டது. நேரம் சொன்ன பக்கத்தில் இருந்த விலாசத்தை ஆட்டோக்காரரிடம் காட்டி வந்து சேர்ந்துவிட்டார்.

"இது பஸ் ஆபீஸ் இல்லண்ணே, கிளினிக்கு" என்றாள் ராத்தா.

"அப்பம் எனக்கு நேரஞ் சொன்னது யாரு?"

நான் திரைச்சீலைக்குப் பின்னால் பைய நகர்ந்துகொண்டிருந்தேன். போகிற போக்கில், "நீங்க மொதல்ல உக்காருங்க அண்ணாச்சி" என்று சொல்லித் தொலைத்தேன்.

"இந்தா, இதே கொரலுதான்! முட்டு வலியான்னு கேட்டவன் இவந்தான் லில்லி!"

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். காலையிலிருந்து வந்த அத்தனை போனும் என்னவென்று அவருக்கு விளங்கிவிட்டது. ராத்தாவின் கண்ணில் நீர் திரண்டதை நான் பார்த்தேன். அவள் படித்த படிப்பு, திறந்த கிளினிக், மீதியிருந்த இரண்டு மாதம் எல்லாவற்றையும் நான் ஒரு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டேன் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக அசையாமல் நின்றேன்.

ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சவரிமுத்துவைக் கட்டிலில் உட்காரவைத்து, வீங்கிய காலை மெல்லத் தூக்கித் தலையணை மேல் வைத்தாள். விரலால் ஒவ்வொரு இடமாக அழுத்திக் கேட்டாள். "இங்கன வலிக்கா? இங்கன? பைய ஊனி நாலு எட்டு வைங்க பாப்போம்." பிறகு, "எலும்புல ஒண்ணும் இருக்கிற மாதிரி தெரியல. தசநார் இழுத்திருக்கு. நாளைக்கும் வீக்கம் வத்தலேன்னா படம் எடுத்துப் பாத்துருவோம்" என்று ஐஸ் வைத்தாள். கத்த வந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்துவதை மறந்தார். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் லில்லியக்கா தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் இந்தக் குறுக்கு வலி ரெண்டு வருசமா உயிரெடுக்கு தாயி" என்றார். ராத்தா அவரையும் படுக்கவைத்துப் பார்த்தாள்.

இவ்வளவுக்கும் நடுவில் போன் அடித்துக்கொண்டேதான் இருந்தது. நான் கையை நீட்டினேன். மாமி என் கையைத் தட்டிவிட்டுத் தானே எடுத்தார்.

"பஸ்ஸெல்லாம் போயிட்டு! இது ஆசுபத்திரி! குறுக்கு வலி இருந்தா மட்டும் கூப்பிடு!" என்று சொல்லி வைத்தார். கிளினிக் தன் வரலாற்றில் கண்ட சிறந்த விளம்பரம் அதுதான்.

சவரிமுத்து தம்பதி அன்று எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். மறுநாள் அவர்கள் பைகளைச் சுமந்துகொண்டு மலைக்குப் போய் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது எனக்கு மாமி விதித்த தண்டனை. (பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரிடம் கேட்டேன்.) மாஞ்சோலையில் போனுக்கு சிக்னல் எடுக்கவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே கையை உயர்த்திக்கொண்டு நான் அங்குமிங்கும் அலைந்தேன், என் பக்கம் இப்போது எத்தனையாவது இடம் என்று தெரியாமல். கொழுந்து பறித்த பெண்கள் பார்த்துவிட்டு, "இதாரு?" என்றார்கள். "மூணே காலு பஸ்ஸு" என்று அறிமுகம் செய்துவைத்தார் சவரிமுத்து. லில்லியக்காவோ என்னை விட்டுவிட்டு ராத்தாவின் கையைப் பற்றியே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மலையிலிருந்து ஐந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். எல்லோருக்கும் குறுக்கு வலி. குனிந்து குனிந்து வேலை செய்த முதுகுகள். ஒருவரும் நெட்டில் தேடவில்லை, லில்லியக்காவிடம் கேட்டு வந்தவர்கள்.

அதுவரை எங்களோடு தங்கி அதையும் பார்த்துவிட்ட மாமி, ஊர் திரும்புமுன் தம்மாமுக்குப் போன் போட்டார். கிளினிக்கிலேயே, எல்லோரும் கேட்கும்படி. "ஏலே, இவ அங்கன வர வேண்டாம். ஒனக்கு வேணும்னா நீ இங்கன வா." ராத்தா உள்ளே போய்க் கட்டிலைத் துடைக்க ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

பஸ் பக்கத்தை எடுத்துவிட்டேன். வெள்ளை எழுத்துகளையும் எடுத்துவிட்டேன். ராத்தா சொல்லச் சொல்ல, வருகிறவர்கள் வாயால் சொல்லும் வார்த்தையிலேயே எழுதினேன். 'லம்பார்' என்று தொடங்கும் ஒரு முழ நீள ஆங்கிலப் பெயரை அழித்துவிட்டு, 'குறுக்கு வலி' என்று தலைப்பு வைத்தேன். அதற்கு என்ன செய்ய வேண்டும், எப்போது டாக்டரிடம் போக வேண்டும், கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும். அவ்வளவுதான். இணையதளம் வைத்திருப்பவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் இன்றும் இதையேதான் சொல்கிறேன்: உங்களுக்குத் தெரிந்த வேலையைப் பற்றி மட்டும், வருகிறவர் பேசுகிற மொழியில் எழுதுங்கள். அந்தப் பக்கம் மெதுவாக, ஏழெட்டு மாதம் எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்துக்கு வந்தது. ஆறு பேர் போனில் பார்த்து உறுதி செய்தேன்.

ஆனால் நான் அழித்தது என் பக்கத்தைத்தான். அதற்குள் அதை அப்படியே நகலெடுத்து நாலைந்து பேர் தங்கள் தளங்களில் போட்டிருந்தார்கள், நம்பரோடு. அதையெல்லாம் என்னால் பிடுங்க முடியவில்லை. வருடங்கள் ஓடின. எனக்குப் பேட்டையில் பெண் பார்த்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் பேசி முடித்து, பெண்ணின் வாப்பா ராத்தாவின் கிளினிக் நம்பரைக் கேட்டார். ராத்தா சொல்லச் சொல்ல ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். கடைசி எண்ணில் அவர் விரல் நின்றுவிட்டது.

"இந்த நம்பரு எங்கிட்ட ஏற்கெனவே இருக்கே" என்று திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதில், 'மாஞ்சோலை பஸ் – நம்பாதே' என்று இருந்தது.

முதலில் சிரித்தது ராத்தாதான். கூட வந்திருந்த மைமூன் மாமி முழுக் கதையையும் சவரிமுத்துவின் ஓட்டத்தோடு சொல்லி முடித்தார். உள் அறைக் கதவுக்குப் பின்னால் பெண்ணும் சிரித்தாள் என்று பிறகு அவளே சொன்னாள். கல்யாணத்துக்கு அதுவும் ஒரு காரணமாம்.

மாமனார் இன்றுவரை அந்தப் பெயரை மாற்றவில்லை. கல்யாணப் பத்திரிகையை நானே தட்டச்சு செய்து, நிக்காஹ் நேரம் காலை பதினொன்று என்று போட்டு அவருக்கு அனுப்பினேன். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பள்ளிவாசலுக்குத் தனியாகப் போன் போட்டு விசாரித்தார். பத்தரை என்றார்களாம்.