அழகேசன் பெட்டியில் இருந்த பொட்டலம்

மீன்சுருட்டி,
12-9-1986

மதிப்புக்குரிய மச்சான் அய்யம்பெருமாள் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் அங்கமுத்து வணக்கத்துடன் எழுதுவது. கடலை நன்றாகக் காய்த்திருக்கிறது, மாடுகள் சௌக்கியம், உங்கள் தங்கை ரத்தினம்மாளுக்கு முழங்கால் வலி தேவலை. அங்கேயும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால், பத்தாவது படிக்கும் என் மகன், உங்கள் மருமகன் அழகேசனைக் காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் பாடாலூருக்கு அழைத்துப் போய், உங்கள் கண்பார்வையில் படிக்க வைக்க வேண்டும். போன வாரம் ஹெட்மாஸ்டர் அப்பன்மார்களையெல்லாம் கூப்பிட்டு, "டவுன்ல பசங்க கஞ்சா குடிக்கிறாங்க, இங்கயும் வந்துடும். கண்ணு செவந்திருக்கும், பசி கூடும், தனியாப் பேசுவான், பாத்துக்குங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் பயல் கண் சிவந்து, எட்டாவது தோசைக்குத் தட்டை நீட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து முணுமுணுக்கிறான். யாரோடு சேருகிறான் என்று பார்க்க மறுநாள் பள்ளிக்கூட வேலியோரம் மறைந்து நின்றேன். டிரில் மாஸ்டர் வந்து என் சட்டையைப் பிடித்து, "பசங்களுக்கு என்னய்யா விக்கிற?" என்று மடியை அவிழ்க்கச் சொன்னார். மடியில் வறுத்த கடலைதான் இருந்தது. மூன்று பிடி தின்று பார்த்து, கடலைதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே என்னை விட்டார். அது கிடக்கட்டும் மச்சான், இன்று காலையில் அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கணக்கு நோட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம். பிரித்தால் கஞ்சா, சந்தேகமே இல்லை. நம்ம குடும்பத்துல பத்தாவது வரைக்கும் வந்த ஒரே பய அவன். கேட்கவும் தைரியம் இல்லை. ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?

ஆகவே கடிதம் கண்டதும் பஸ் ஏறுங்கள். அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் வயிறு நிறையச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நல்லபடியாக வளர ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அன்புள்ள அங்கமுத்து

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் அழகேசன் வந்துவிட்டான். பெட்டி திறந்து கிடப்பதைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தன வருசமாப்பா இந்தப் பழக்கம்? பரண்ல நீங்க ஒளிச்சு வச்சத நாந்தான் எடுத்து வச்சேன். போலீசு பாத்தா புடிச்சிட்டுப் போயிடும்ப்பா. அம்மாகிட்ட சொல்லல. விட்டுடுங்கப்பா" என்று அழுகிறான். எங்கள் முனியப்பன் படையலில் சுருட்டோடு வைக்க நானே வாங்கிப் பரணில் போட்டு மறந்த பொட்டலம் மச்சான் அது! சாமிக்கு வாங்கியது என்றேன். "இப்படி ஏதாவது சாக்கு சொல்லுவாங்கன்னு ஹெட்மாஸ்டர் எங்க கிளாஸ்லயும் வந்து சொன்னாரு"ங்குறான். பொட்டலத்தை எருக்குழியில் போட்டு மிதித்துவிட்டு, 'இனி எங்கள் வீட்டில் கஞ்சா கிடையாது' என்று எழுதி என்னிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டான். எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. இவனை எங்கேயும் அனுப்ப மாட்டேன். ஆனால் நீங்கள் கட்டாயம் வர வேண்டும். அடுத்த வாரம் படையல், இனிமேல் வெறும் சுருட்டுதான் என்று முனியப்பனிடம் யாராவது சொல்லியாக வேண்டும். நீங்கள் சொல்லிவிடுங்கள். வெளியூர்க்காரரை அவர் ஒன்றும் செய்ய மாட்டார்.