சுல்மா லரோசாவின் கையெழுத்து

எல்பியோ கையிலிருந்த ரொட்டித் துண்டைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். கையெழுத்தைக் காணவில்லை.

ஓரத்தில் படிந்த தூசியைத்தான் எடுக்க நினைத்தார். ரொட்டியின் நடுப்பகுதியால் ஒற்றினால் பழைய தாள் பளிச்சென்று ஆகிவிடும் என்று தொலைக்காட்சியில் யாரோ சொல்லியிருந்தார். ஆகிவிட்டதுதான். கூடவே, ஓவியர் சுல்மா லரோசா அச்சுக்குக் கீழே பென்சிலால் போட்டிருந்த கையெழுத்தும் போய்விட்டது. '12/50' என்ற எண் மட்டும் மிச்சம்.

மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த நவீன ஓவியம் அது. கட்டம் கட்டமாக ஒரு மீன், ஒரு கடிகாரம், ஒரு ஏணி. மொத்தம் ஐம்பதே பிரதிகள். மொன்டெவிடியோவில் பஸ் டிக்கெட் பரிசோதகராக இருந்த காலத்தில், ஒரு கண்காட்சியில் வாங்கினார். புரிந்து வாங்கவில்லை. விற்பனை மேஜையில் இருந்த பெண்ணிடம் இன்னும் கொஞ்ச நேரம் பேச வேறு வழி தெரியவில்லை. அந்தப் பெண்தான் நீபியா. இப்போது அவர் மனைவி.

அடுத்த வாரம் கல்யாண நாள். படத்தை மதிப்பிட்டு, அசல் என்று சான்றிதழ் வாங்கி, அவள் கையில் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ரகசியத் திட்டம். நீபியா பாட்டுக் குழு ஒத்திகைக்குப் போயிருந்தாள். மதிப்பீட்டாளர் வரச் சொன்ன நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

எல்பியோ பென்சிலைச் சீவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தானே கையெழுத்தைப் போட்டார்.

மதிப்பீட்டாளர் இரிகோயென் மேடம் தன் அலுவலகத்தில் படத்தின் மேல் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"தாள் சரி. மை சரி. அச்சு அவங்களதுதான்."

எல்பியோவுக்கு உயிர் வந்தது.

"ஆனா லரோசாங்கிற பேருல ரெண்டு 'r' வருமே, Larrosa-ன்னு. இங்க ஒண்ணுதான் இருக்கு. சொந்தப் பேரையே தப்பா எழுதிட்டாங்களா?"

"ஏதோ அவசரத்துல..."

"நீங்க போட்டதா?"

"ஆமா மேடம்."

"ஐயோ, இருங்க, அழிக்காதீங்க!"

அதற்குள் அழித்திருந்தார். பென்சில் கரி பரவி, மீனுக்குக் கீழே மழை மேகம் மாதிரி ஒன்று நின்றது.

மேடத்துக்குக் கோபம் வரவில்லை. "அந்தம்மா இன்னும் இருக்காங்க. அட்லாண்டிடாவுல, கடற்கரைக்குப் பக்கத்துல. அவங்களே மறுபடி போட்டுக் குடுத்தா, நான் சான்றிதழ் எழுதித் தர்றேன்."

எல்பியோ பஸ் ஏறினார். ஒரு திருப்பத்தில் பக்கத்து சீட்டுக்காரர் உறிஞ்சிக்கொண்டிருந்த மாத்தே என்னும் பச்சிலைத் தேநீர்க் குவளை சாய்ந்தது. மடியிலிருந்த படத்தில், மேகத்துக்குப் பக்கத்தில் பச்சையாக ஒரு சொட்டு. அதைக் கைக்குட்டையால் துடைக்கப்போக, சொட்டு வாலாக நீண்டது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"சுவத்துல படத்தக் காணோமே?" என்றாள் நீபியா.

"சட்டத்துக் கண்ணாடியத் தொடைக்க எடுத்தேன்."

"கண்ணாடி இங்க மேஜை மேலதானே கெடக்கு. பக்கத்துல பாதி ரொட்டி வேற. எங்க இருக்கே நீ?"

"பஸ்ல."

அவள் குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்: "வித்துடாதேப்பா. கஷ்டம்னா என் தையல் மிஷின வித்துக்கலாம். அது மட்டும் வேணாம்."

இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தைப் பற்றி அவள் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சுல்மா லரோசாவுக்குத் தொண்ணூறு வயது இருக்கும். மடியில் ஒரு பூனை, காலடியில் இரண்டு. கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"வெண்ணெய் தடவாத ரொட்டிதானே?"

"வெறும் ரொட்டிதாம்மா."

"பொழச்சுது போ."

எல்பியோ பென்சிலை நீட்டினார். "ஒரே ஒரு கையெழுத்தும்மா. நான் வீட்டுக்குப் போய் அவ முகத்துல முழிக்கணும்."

"யாரு அவ?"

"என் சம்சாரம், நீபியா. அப்ப உங்க கண்காட்சியில படம் வித்துக்கிட்டிருந்தா."

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். பூனை மடியிலிருந்து குதித்து ஓடும்வரை சிரித்தாள்.

"நீபியாவ நீதான் கட்டிக்கிட்டியா? அவ உன்கிட்டகூட ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்த?"

"சொல்ல மாட்டா. சத்தியம் வாங்கியிருந்தேன்ல."

பென்சிலை வாங்கி, அவர் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினாள்.

"அந்த வருஷம் என் வலது கை மாவுக்கட்டுல இருந்துச்சு தம்பி. அம்பதுலயும் கையெழுத்துப் போட்டது அவதான். இப்ப இதுல நான் போட்டா, அதுதான் போலி."