குமராட்சி மினிபஸ்ஸின் அட்ஜஸ்ட் மாமா

உலகத்து ஜனங்கள் அத்தனை பேரையும் ஒரே மினிபஸ்ஸில் ஏற்றிவிட முடியும் என்று நம்பிய ஒரே மனிதர் அட்ஜஸ்ட் மாமாதான். குமராட்சிப் பக்கத்திலிருந்து சிதம்பரம் போகும் வண்டியில் அவர் கண்டக்டர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் படியை மிதிப்பதற்கு முன்னால் தினமும் அவர் வண்டியின் படியை மிதித்தாக வேண்டும்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு அவர் வாயில் குறைவு. ரெண்டு பேர் சீட்டில் மூன்று பேரை உட்கார வைப்பார். நான்காவது ஆளை, "சும்மா ஓரமா ஒட்டிக்கிங்க" என்பார். பையை மடியில் வைக்கச் சொல்வார். மடியில் பிள்ளை இருந்தால் பிள்ளையைப் பக்கத்து மடிக்கு மாற்றுவார். ஒருநாள் என் மடியில் ஒரு வாழைத்தாரும் யாரோ பெற்ற குழந்தையும் இருந்தன. சிதம்பரத்தில் எல்லோரும் இறங்கியபின் குழந்தைக்கு ஆள் தேட வேண்டியிருந்தது. தாய்க்காரி முன் படியில் இறங்கி, அதே மாதிரி வேறொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

"மூச்சு வுட முடியலய்யா" என்று ஒருவர் கத்தினார்.

"பக்கத்துல நிக்கிறவரு வுடும்போது நீங்க இழுங்க. ஒரே நேரத்துல ரெண்டு பேரும் இழுத்தா எப்புடி?" என்றார் அட்ஜஸ்ட் மாமா.

ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஒரு கூலிக்காரரை ஊருக்குக் கொண்டுவர வேன்காரன் கேட்ட வாடகை அந்தக் குடும்பத்திடம் இல்லை. அட்ஜஸ்ட் மாமா பிணத்துக்குச் சட்டை மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, சன்னலோரம் உட்கார வைத்துவிட்டார். பெண்டாட்டி ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். பாதி வழியில் ஏறிய ஒரு கிழவர், "தள்ளி உக்காரப்பா" என்று பிணத்தின் தோளைத் தட்டினார்.

"அவுருகிட்ட கேக்காதீங்க. அவுரு அட்ஜஸ்ட் பண்ண வேண்டியத எல்லாம் பண்ணி முடிச்சிட்டாரு" என்றார் மாமா. கிழவர் சிரித்தார். அப்புறம் பக்கத்திலிருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தார். வீட்டுக்கு வாங்கிய பூவைத் தன் பையிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.

கல்லூரியில் அட்ஜஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரிசெய்தல் என்று பொருள் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதற்கு யாரும் அகராதி பார்ப்பதில்லை. பஸ்ஸில் என்றால் ஒரு சாண் நகர்ந்து உட்காருவது. வீட்டில் என்றால், நகர இடமே இல்லாத இடத்திலும் பெண்பிள்ளை நகர்ந்துகொண்டே இருப்பது.

பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்த என் அக்கா ஒருநாள் வலது கையைத் தூக்க முடியாமல் வந்து நின்றாள். அது முதல் தடவை இல்லை. கரும்பு லாரி ஓட்டுகிற அவள் புருசன் போனிலேயே சொல்லிவிட்டான், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராவிட்டால் வரவே வேண்டாம் என்று. பெரியப்பா, அத்தை, பக்கத்து வீடு என்று வந்து உட்கார்ந்த எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "குடும்பம்னா அப்புடி இப்புடிதான் இருக்கும். அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போம்மா."

"உயிர் போனாலுமா?" என்று கேட்டேன்.

"நாலு எழுத்துப் படிச்சா இந்தத் திமிருதான் வரும்" என்றாள் அத்தை.

அக்கா ஒற்றைக் கையால் புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா, அக்கா, நான் மூவரும் ஸ்டாப்பிங்கில் நின்றோம். வண்டி பாதி காலியாக வந்தது. அட்ஜஸ்ட் மாமா கீழே குதித்தார். அக்காவின் கையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பிறகு படியில் ஏறி, இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"இடம் இல்ல மச்சான்."

அப்பா சிரித்தார். "பின்னாடி பூரா காலியா கெடக்குய்யா."

"அதுக்கெல்லாம் ஆளு இருக்கு."

"நின்னுக்கிட்டு வர்றோம்."

"நிக்கவும் இடம் இல்ல."

"வெளையாடாத. பெண்ணாடம் போவணும், நேரமாவுது."

அட்ஜஸ்ட் மாமா குனிந்தார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. "எம்பொண்ணும் இப்புடிதான் வந்து நின்னுச்சு மச்சான். அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மான்னு சொல்லி, இந்த வண்டிலதான் கொண்டுபோயி வுட்டேன். சன்னல் சீட்டு புடிச்சிக் குடுத்தேன். ஒரு மாசத்துல போயி, பொணமா வாங்கிட்டு வந்தேன்."

வெளியூர்க்காரரான அவருக்கு ஒரு மகள் இருந்ததே எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. விசில் அடித்தார். வண்டி போய்விட்டது.

அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. அப்பா ரோட்டைப் பார்த்தபடியே நின்றார். கடைசியில் அக்காவின் கையிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "வெயிலு ஏறுது. வூட்டுக்குப் போவலாம்" என்றார்.

புருசன் ஆள் சேர்த்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கத்திவிட்டுப் போனான். போகிற வழியில், ஏற்ற மறுத்த கண்டக்டரைச் சொல்லி பஸ் முதலாளி வீட்டிலும் கத்தினான். அடுத்த வாரம் வண்டியில் வேறு கண்டக்டர்.

போன மாதம் கடலூருக்கு ஒரு பரீட்சை எழுதப் போனபோது, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டூவீலர் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். யாரோ ஒருவரிடம், வண்டியைக் கோணலாக நிறுத்தியதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டதும் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்.

"அக்கா?"

"சிதம்பரத்துல ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போவுது மாமா. கைதான் இன்னும் முழுசா தூக்க வரல. மத்தபடி, எங்ககூடதான் இருக்கு."

"இருக்கட்டும்" என்றார். சற்றுக் கழித்து, என்னைப் பார்க்காமல், வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்து மறுபடியும் சொன்னார்: "இருக்கட்டும்."

சிதம்பரம் பஸ் வந்து நின்றது. நான் ஏறவில்லை. கொஞ்ச நேரம் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.