கதவைத் தட்டியவர்

அந்தக் குளிர்காலத்தில் ஃபென்ஃபீல்டில் யார் கடைந்தும் வெண்ணெய் திரளவில்லை. ஏரி உறைந்திருந்தது. வாளிப் பாலில் பனிக்கட்டி மிதந்தது. ஆனாலும் சூனியக்காரிதான் காரணம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

பாஸ்டனிலிருந்து, சூனியக்காரிகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் சில்வேனஸ் பிராட் வந்து இறங்கினார். கறுப்பு அங்கி. கையில் ஒரு குதிரை லாடம். போன இடமெல்லாம் கூட்டம் நெரிந்தது. லாடத்தைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, ஜெபம் சொல்லி, பாலேட்டுத் தாழிக்குள் போடுவார். சூனியக்காரிக்குச் சுரீரென்று சுடுமாம். அலறி ஓடிவந்து கதவைத் தட்டுவாளாம். எவள் முதலில் தட்டுகிறாளோ அவள்தான் சூனியக்காரி. வெண்ணெயும் திரண்டுவிடும். கூலி மூன்று ஷில்லிங். சாத்தானை அதைவிட மலிவாக யார் விரட்டுவார்?

அதே ஊர் ப்ரூடென்ஸ் வீட்டுத் தாழியில் லாடம் விழுந்த நேரம் பார்த்து, கொஞ்சம் உப்புக் கேட்டுக் கதவைத் தட்டினாள் பக்கத்து வீட்டுத் தபித்தா. திங்கட்கிழமை அவளுக்குத் தூக்கு. உப்பு கிடைக்கவில்லை.

அவளுடைய அக்கா கெதூரா அழுது ஓய்ந்தாள். பிறகு யோசித்தாள்.

சனிக்கிழமை அவள் வீட்டிலும் வெண்ணெய் திரளவில்லை என்று பிராட்டுக்கு ஆள் போனது. நீதிபதியும் ஊராரும் முன்கூட்டியே வந்து உட்கார்ந்தார்கள். கெதூரா கதவைத் தாழிட்டு ஜன்னலோரம் நின்றாள். பனியில் கறுப்பு அங்கி தெரிந்ததும், அடுப்பில் தானே காய வைத்திருந்த ஒரு லாடத்தை இடுக்கியால் எடுத்தாள்.

"அவர் வரட்டுமேம்மா" என்றார் நீதிபதி.

"நான் போட்டா சாத்தானுக்குச் சுடாதா, ஐயா?"

சொய்ங்!

டொக், டொக், டொக்.

கெதூரா கதவைத் திறந்தாள். சிவந்த மூக்குடன் பிராட்.

"ஐயோ, சூனியக்காரன்!" என்று முதலில் அலறியவள் ப்ரூடென்ஸ்.

"கயிறு எங்கய்யா?" என்றது கூட்டம்.

"அடப் பாவிங்களா! கூப்பிட்டீங்க, வந்தேன். தட்டினவனெல்லாம் சூனியக்காரனா?"

"என் தங்கச்சியும் தட்டத்தான்யா செஞ்சா" என்றாள் கெதூரா.

"அப்போ லாடம்?" என்றார் நீதிபதி.

"சூடுய்யா, வெறும் சூடு! பாலேடு ஜில்லுன்னு இருந்தா திரளாது. சுட்ட செங்கல்லைப் போட்டாக்கூடத் திரளும்!"

கெதூரா கடைந்தாள். ஜெபம் இல்லாமலே வெண்ணெய் திரண்டது. நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு, தபித்தாவை விடச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"கயித்தைக் கீழ போடுங்க. இவன் சூனியக்காரன் இல்ல, வெறும் திருடன்" என்றாள் கெதூரா.

ப்ரூடென்ஸ் மெல்ல அருகில் வந்தாள். "ஏன்டி கெதூரா, அப்போ அந்தச் செங்கல்லுக்குள்ளதான் சாத்தான் இருக்கானா?"

கெதூரா தாழியை அவள் முன்னால் நகர்த்தினாள்.

"பாருடி. கொஞ்சம் சூடு பட்டதும் இதுகூடத் திரண்டுடுச்சு. உங்க புத்தி எப்போ திரளப்போகுது?"