அலைச்செம்மலின் தகடு

மூன்றாம் மாடியில் அன்று வேலை நடக்கவில்லை, விஞ்ஞானம் நடந்தது. அப்படிச் சொன்னவர் மேலாளர். சம்பள உயர்வு அவர் கையில் இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

சாப்பாட்டு அறை மேசைகளைச் சுவரோரம் தள்ளி, நடுவில் ஒரு சுழல் நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் எழுந்தருளியிருந்தார் அலைச்செம்மல். பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். தனக்குத் தானே கொடுத்துக்கொண்டால் விழா எடுக்கும் செலவு மிச்சம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள், காதில் எதனோடும் இணைக்காத ஒரு இயர்போன். அவருக்கு முன்னால் நின்ற வரிசை வாசலைத் தாண்டிப் படிக்கட்டில் இறங்கி, இரண்டாம் மாடிக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் கையிலும் செல்போன், ஹெட்போன், லேப்டாப். ஒரு மனிதர் சார்ஜர் ஒயரைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்தபடி நின்றார்.

அலைச்செம்மல் கொடுத்தது தகடு. கட்டைவிரல் நகம் அளவு, தங்க நிறம், நடுவில் ஒரு சுழி. செல்போனின் முதுகில் ஒட்டினால் உடம்பைத் தின்னும் அலைகள் ஓடிவிடுமாம். செல்போனுக்கு ஒன்று, ஹெட்போனுக்கு இரண்டு காதுக்கும் இரண்டு, லேப்டாப்புக்குப் பெரிய அளவில் ஒன்று. சார்ஜருக்கு வேண்டாமா என்று கேட்டவருக்கு, "கேட்டீங்களே, அதான் புத்திசாலித்தனம்!" என்று பாராட்டி அதற்கும் ஒன்று விற்றார்.

இதில் வேடிக்கை, அது என்ன அலுவலகம் என்பதுதான். சார்ஜர், இயர்போன், பவர் பேங்க், லேப்டாப் பாட்டரி என்று விற்கும் ஒரு கம்பெனிக்கு வரும் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுத் தீர்த்துவைப்பது அவர்கள் பிழைப்பு. யார் எந்தப் புகாரோடு கூப்பிட்டாலும் அங்கே முதல் கேள்வி ஒன்றுதான்: "மாத்திப் போட்டுப் பாத்தீங்களா?" சார்ஜர் வேலை செய்யவில்லையா, வேறு போனில் போட்டுப் பாருங்கள். போன் ஏறவில்லையா, வேறு சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். கோளாறு எதில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் இந்தப் பாடத்தை ஓதுகிறவர்களில் ஒருவருக்காவது அந்த வரிசையில் நிற்கும்போது அது நினைவுக்கு வர வேண்டுமே! வரவில்லை. ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றும்போதே அதையும் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

வரிசையில் நிற்காமல் தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் சாய்ந்து நின்றவள் ஒருத்திதான். அவள் அங்கே ஒரு குழுவுக்குத் தலைவி. அவளுடைய தங்கையும் அதே குழுவில் வேலை பார்த்தாள். அதனால் அவளை அலுவலகமே அக்கா என்று கூப்பிட்டது, அவளைவிட வயதில் மூத்த மேலாளர் உள்பட.

"கையை நீட்டும்மா. தோள் உயரத்துக்கு. இன்னொரு கையில போனைப் பிடி" என்றார் அலைச்செம்மல். நீட்டியவள் அக்காவின் தங்கைதான். "இப்ப நான் ரெண்டே விரலால அழுத்துறேன். தாங்கிப் பாரு."

அழுத்தினார். கை தொப்பென்று விழுந்தது. அறையே "ஐயோ" என்றது.

"பாத்தீங்களா? அலை! உறிஞ்சி எடுத்துடுச்சு!" தகட்டை எடுத்து போனில் ஒட்டினார். "இப்பத் தாங்கு." மறுபடி அழுத்தினார். கை இம்மியும் அசையவில்லை. கைதட்டலில் தண்ணீர் இயந்திரம் அதிர்ந்தது.

"அய்யா, ஒரு சந்தேகம்" என்றாள் அக்கா. "தகடு அலையைத் தடுக்குது, சரி. அப்ப போன் எப்படி மணி அடிக்குது?"

அவர் பதறவில்லை. பழுத்த ஆள். "கெட்ட அலையை மட்டும்தான்மா தடுக்கும். நல்ல அலையை உள்ள விட்டுடும்."

"நேத்து நான் சாப்பிட உக்காந்தப்பல்லாம் கடன் வேணுமா, கடன் வேணுமான்னு ஒருத்தன் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். அது நல்ல அலையா, கெட்ட அலையா?"

சிரிப்பு எழுந்தது. மேலாளர் முறைத்ததும் அடங்கியது. "நம்பாதவங்களுக்குத் தகடு வேலை செய்யாது" என்று அலைச்செம்மல் கண்ணை மூடிக்கொண்டார். அடடா, எப்பேர்ப்பட்ட பொருள்! சாதாரண சார்ஜருக்கு இந்த ரோஷமெல்லாம் கிடையாது. நம்பாதவன் செருகினாலும் வெட்கமில்லாமல் சார்ஜ் ஏற்றிவிடும்.

அதோடு விட்டிருந்தால் அக்காவும் சிரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருப்பாள். தகடு ஒட்டியதால் யாருக்கும் கொம்பு முளைக்கவில்லை. ஒட்டுக்காரர் என்று பெயர் வாங்கிவிட்ட ஒரு சக ஊழியர் செல்போன், லேப்டாப் எல்லாம் முடிந்து, சாப்பாட்டு டப்பா, மூக்குக் கண்ணாடி, மோட்டார் சைக்கிள் என்று முன்னேறிக்கொண்டிருந்தார். போகட்டும், அவர் டப்பா, அவர் தகடு.

ஆனால் சில வாரம் கழித்து வீட்டில் சமையலறை அலமாரியைத் துடைக்கும்போது அக்காவின் கையில் ஒரு மாத்திரை அட்டை தட்டுப்பட்டது. பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதுவும் அப்படியே.

"என்னடி இது?"

தங்கை கறிகாய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "இனிமே வேணாம்க்கா. அய்யாகிட்டத் தனியாக் கேட்டேன். எனக்கு வலிப்பு வர்றதே அலையாலதானாம். தகடு ரெண்டு ஒட்டினா நரம்பு தானா அடங்கிடும்னாரு. மாத்திரை உள்ள இருந்தா தகட்டோட சக்தியைத் தின்னுடுமாம்."

"ஏழாங் கிளாஸ் படிக்கறப்பவே உனக்கு வந்துச்சேடி! அப்ப நம்ம வீட்டுல செல்போன் ஏது? ஒரு ரேடியோ இருந்துச்சு, அதுவும் ரிப்பேரு!"

"ரேடியோவும் அலைதானே?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. எரியும் அடுப்புக்கு முன்னால் கத்தியோடு நின்றுகொண்டிருந்தாள் தங்கை. இதே அறையில் ஒருமுறை கொதிக்கும் பாத்திரத்தோடு விழுந்தவள் அவள். அதன் பிறகு மாத்திரைதான் அவளை நிமிர்ந்து நடக்க வைத்திருந்தது. அக்கா கத்தினாள், கெஞ்சினாள், மாத்திரையைச் சாப்பிட்டால்தான் நானும் சாப்பிடுவேன் என்று தட்டைத் தள்ளினாள்.

"கத்தாதக்கா" என்றாள் தங்கை. குரல் உடைந்திருந்தது. "சின்ன வயசுலேருந்து திங்கறேன். திங்கணும், திங்கணும்னுதான் எல்லாரும் சொல்றீங்க. உனக்கு இது தீந்துடும்னு ஒருத்தராவது சொன்னீங்களா? அவர் ஒருத்தர்தான் சொன்னாரு."

தீரும் என்று பொய் சொல்ல அக்காவுக்கும் ஆசையாகத்தான் இருந்திருக்கிறது, எத்தனையோ முறை. அவள் சொல்லவில்லை. வேறொருவன் சொல்லி, அதற்குக் காசும் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

தகட்டுக்கும் சார்ஜ் இறங்குமாம். அதை ஏற்ற அலைச்செம்மல் மறுபடி வந்தார். தகட்டின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் கண் மூடினால் ஏறிவிடும். பிளக் வேண்டாம், ஒயர் வேண்டாம், கட்டணம் மட்டும் வேண்டும். வரிசை போன தடவையைவிட நீளமாக இருந்தது.

இந்த முறை அக்கா தண்ணீர் இயந்திரத்தின் பக்கம் நிற்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றாள். சார்ஜ் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அவர் ஒவ்வொருவர் கையையும் அழுத்திக் காட்டினார். கை விழுகிறதா என்று எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவருடைய விரலைப் பார்த்தாள். நாலைந்து பேரின் கையை அவர் அழுத்தி முடிப்பதற்குள் அவளுக்குச் சங்கதி புரிந்துவிட்டது.

புரிந்தால் போதுமா? தங்கைக்குப் புரிய வேண்டுமே. "இந்த ஆள் ஏமாத்தறான்" என்று கத்தினால் தங்கை அந்த ஆள் பக்கம்தான் நிற்பாள். அது அக்காவுக்குத் தெரியும்.

"அய்யா, போன தடவை எடக்கு மடக்காப் பேசிட்டேன்" என்றாள் பவ்யமாக. "நானும் நம்பணும்னு பாக்கறேன். ஒரே ஒரு சோதனை. எங்க வேலையில நாங்க தெனமும் செய்யறதுதான். மாத்திப் போட்டுப் பாக்கறது."

"என்ன சோதனை?"

அவர்கள் வேலை பார்க்கும் கூடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கூடத்தின் வாசலில் காவலாளி ஆளுக்கொரு சாம்பல் நிறத் துணிப்பையில் போட்டு வாங்கி வைத்துக்கொள்வார். எல்லாப் பையும் ஒரே மாதிரி இருக்கும், வாயில் ஒரு சுருக்குக் கயிறு.

"அந்தப் பை மூணு. ஒண்ணுல தகடு ஒட்டின போன், ஒண்ணுல ஒட்டாத போன். மூணாவதுல காவலாளி அண்ணன் இஷ்டத்துக்கு எதையாவது வைக்கட்டும். எதுல எது இருக்குன்னு அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்க கையை அழுத்திப் பாத்துச் சொல்லிடுங்க."

அலைச்செம்மல் கடிகாரத்தைப் பார்த்தார். "சக்தியைச் சோதிக்கக் கூடாதும்மா. எனக்கு இன்னொரு அலுவலகம் வேற போகணும்..."

"அய்யா, செஞ்சு காட்டுங்க!" என்று முன்னால் வந்தாள் தங்கை. கண்ணில் அப்படியொரு நம்பிக்கை. "உங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா? என் கையையே அழுத்துங்க. எங்கக்கா வாயை ஒரு தடவை அடைச்சுடுங்க!"

வரிசையும் சேர்ந்துகொண்டது. "செஞ்சு காட்டுங்கய்யா!" ஒட்டுக்காரர் எல்லாரையும்விட உரக்கக் கத்தினார். சந்தேகப்பட்டவளைச் சமாளித்துவிட்ட மனிதரால், நம்பியவர்களிடமிருந்து தப்ப முடியவில்லை.

காவலாளி அக்காவின் போனையும் தங்கையின் போனையும் வாங்கிக்கொண்டு வெளியே போய் மூன்று பைகளோடு வந்தார். வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார், அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

தங்கை முதல் பையைக் கையில் வாங்கினாள். அலைச்செம்மல் ஒரு பெருமூச்சு விட்டு அழுத்தினார். கை விழுந்தது. "நஞ்சு! இதுல தகடு இல்ல."

இரண்டாவது பை. கை நின்றது. "ஆஹா, அமைதி. தகடு இருக்கு."

மூன்றாவது பையை வாங்கியதும் அவர் அதன் கனத்தைக் கண்ணால் எடை போட்டார். விரல் வைத்த மாத்திரத்தில் கை சரிந்து இடுப்பில் இடித்தது. அவரே ஒரு அடி பின்வாங்கினார். "அப்பப்பா! பழைய போன். பாட்டரி வீங்கியிருக்கு. இத்தனை கதிர்வீச்சை நான் எங்கயும் பாத்ததில்ல. இதை வச்சிருக்கறவங்க உடனே மூணு தகடு ஒட்டணும். யாரோடது?"

"கழிப்பறையோடதுங்க" என்றார் காவலாளி, சுவரைப் பார்த்தபடியே. "கை கழுவற சோப்பு."

தங்கைதான் பையின் கயிற்றை அவிழ்த்தாள். பச்சை நிற சோப்புக் கட்டி, இன்னும் ஈரம் காயாமல். முதல் பையைத் திறந்தாள். அவளுடைய போன். முதுகில் இரண்டு தகடுகள், கொஞ்சம் முன்னால்தான் காசு கொடுத்துச் சார்ஜ் ஏற்றியவை. அமைதி ததும்பிய இரண்டாவது பையில் இருந்தது அக்காவின் போன். தகடு என்றால் என்னவென்று அறியாத போன்.

வரிசையில் நின்றவர்கள் சோப்பை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"சோப்புலயும் அலை உண்டு" என்றார் அலைச்செம்மல். குரல் இறங்கியிருந்தது. "நுரை அலை. ரொம்ப நுட்பமானது..."

யாரோ கெக்கலித்தார்கள். அவ்வளவுதான், சிரிப்பு அறை முழுக்க உடைத்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் அக்கா மேலாளரிடம் போனாள். "சார், கையை நீட்டுங்க. போனெல்லாம் வேணாம்." மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். மேலாளரின் கை தொப்பென்று விழுந்தது. மறுபடி நீட்டச் சொல்லி முழங்கைக்கு மேலே அழுத்தினாள். கை கம்பமாக நின்றது. "இவ்வளவுதான் சார். விழணும்னா நுனியில அழுத்துவாரு, நிக்கணும்னா தோள் பக்கத்துல அழுத்துவாரு. கதவைக் கைப்பிடியில தள்ளறதுக்கும் கீல் பக்கத்துல தள்ளறதுக்கும் உள்ள வித்தியாசம்தான்."

அடுத்த நிமிடம் அந்த அறையைப் பார்த்திருக்க வேண்டும். எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு நிற்க, எல்லாரும் எல்லாரையும் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் களேபரத்தில் வெள்ளைக் கோட்டு படிக்கட்டை நோக்கி நழுவியது. காவலாளி வாசலை மறித்துக்கொண்டு, "காசைக் கொடுத்துட்டுப் போங்கய்யா, நல்ல அலையெல்லாம் உள்ள வந்துடுச்சு, கெட்ட அலையை நான் வெளிய விடறதில்ல" என்றார்.

ஒட்டுக்காரர் மட்டும் இடிந்துபோய் அக்காவிடம் வந்தார். "இவரு போலின்னு தெரிஞ்சுபோச்சு. அப்ப அசல் ஆளு யாருக்கா? விலாசம் இருக்கா?"

அக்கா தங்கையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தங்கை படிக்கட்டில் உட்கார்ந்து போனிலிருந்து தகடுகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜெயித்துவிட்ட சந்தோஷம் ஒரு துளிகூட இல்லை.

"போன வாரம் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்க்கா" என்றாள் தங்கை, நிமிராமல். "குளியலறையில. கண் முழிச்சப்போ தரையில கெடந்தேன். உன்கிட்ட மறைச்சுட்டேன். தகடு இல்லேன்னா இன்னும் மோசமா வந்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

அக்கா திட்டவில்லை. தங்கையின் தலையை இழுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் மேலாளரிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் டாக்டரிடம் கிளம்பினார்கள்.

டாக்டரின் அறைக்கு வெளியே நீண்ட பெஞ்சு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தங்கையின் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாள். என்ன வியாதி என்று விசாரித்தாள். கேட்டுவிட்டு, நர்ஸ் காதில் விழாதபடி பக்கத்தில் நகர்ந்தாள்.

"இதுக்குப் போயி மாத்திரையா? எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒருத்தர் இருக்காரு. நாடியைப் பிடிச்சாலே போதும், உள்ள இருக்கறதெல்லாம் புட்டுப் புட்டு வச்சுடுவாரு. எப்பேர்ப்பட்ட வியாதியும் தீந்துடும். போறீங்களா?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள். "போறேன்ம்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. யாரு கையைப் பிடிச்சிருக்கோம்னு தெரியாம, கண்ணைக் கட்டிவிட்டாலும் அவரு சொல்லுவாரா?"

அந்த அம்மாள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவாம். கேட்காமல் பறிகொடுப்பதுதான் மரியாதை என்றால், அந்த மரியாதை உங்களுக்கு எதற்கு? அற்புதம் செய்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் அவர் கண்ணைக் கட்டிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். அவர் மறுத்தால், இதுவரை கட்டியிருந்தது யாருடைய கண்ணை என்று யோசித்துப் பாருங்கள்.