உஷ் சாரும் மேளமில்லாத நிச்சயதார்த்தமும்

குழந்தை முதல் குக்கர் வரை ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவையே வாயடைக்க வைத்த ஒரே மனிதர் உஷ் சார்தான். எதிர்வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

சித்திரை பிறந்தால் போதும், கழுத்தில் பைனாகுலர், உதட்டில் விரல். "உஷ்! செம்போத்து நடந்து போகுது!" என்று பால்காரரின் வண்டியையே நடுத்தெருவில் நிறுத்திவிடுவார். அந்தப் பறவை சாவகாசமாகத் தெருவைக் கடக்கும். வெயிலில் பால் திரிந்தால் அது எங்கள் கவலை.

ஒருமுறை கீரி பார்க்க ஜீயபுரம் வாழைத்தோப்புக்கு என்னையும் இழுத்துப் போனார். இரண்டு மணி நேரம் குந்தியிருந்தோம். கீரி வரவில்லை, தோப்புக்காரர்தான் வந்தார். "எத்தனை தார் வெட்டுனீங்க?" என்றார். உஷ் சார் அவர் கையையும் பிடித்து உட்கார வைத்தார். சற்று நேரத்தில் தாய்க்கீரி மூன்று குட்டிகளோடு வரப்பில் ஓடியது. "இத்தனை வருசமா இங்கதான் கிடக்கேன், பார்த்ததே இல்லீங்களே!" என்ற தோப்புக்காரர், ஒரு சீப்புப் பழம் கொடுத்து அனுப்பினார்.

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, என் மகளின் நிச்சயதார்த்தத்தில் அவர் கை வைக்கும் வரை.

எங்கள் வாசல் விளக்கு ஒயரில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள். "ரெண்டே நாள்ல குஞ்சுங்க பறந்துடும். நாளைக்கு வாசல்ல மேளம் மட்டும் வேண்டாம்" என்றார் உஷ் சார்.

"மேளமில்லாம நிச்சயமா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று என் மனைவி பொரிந்தாள். உஷ் சார் முகம் சுண்டிப்போனது. அதைப் பார்க்கச் சகிக்காமல் மேளக்காரர்களைக் கொல்லைப்பக்கம் சும்மா உட்கார வைத்துத் தொலைத்தேன்.

கும்பகோணத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. பந்தல் இருக்கிறது, சத்தம் இல்லை. வாசலில் ஒருவர் உதட்டில் விரல் வைத்துக்கொண்டு நிற்கிறார். மாப்பிள்ளையின் அம்மா இறக்கிய காலை மறுபடி வேனுக்குள் வைத்துக்கொண்டார். "தெருவில யாரோ தவறிட்டாங்க போலிருக்கு. இன்னைக்கு வேண்டாம், வண்டியைத் திருப்புங்க!"

டிரைவர் ரிவர்ஸ் கியரே போட்டுவிட்டார். வேனை நோக்கி ஓடினேன். அதற்குள் உஷ் சார் வேன் ஜன்னலில் பைனாகுலரை நீட்டினார்.

"சாவு இல்லைங்கம்மா, பிறப்பு. நீங்களே பாருங்க."

அந்த அம்மாள் பார்த்தார். தாய்ச்சிட்டு வந்து இரண்டு திறந்த வாய்களில் எதையோ திணித்துவிட்டுப் பறந்தது. அவர் முகமே மாறிவிட்டது. "நல்ல சகுனந்தான்" என்று இறங்கினார். பின்னால் தொணதொணத்த தன் கணவரை "உஷ்!" என்று அதட்டியதும் அவர்தான். சீர்த்தட்டுகள் நுனிக்காலில் நடந்து உள்ளே போயின.

தாம்பூலம் மாற்றியாயிற்று, பந்தியும் போட்டாயிற்று. பூனை வந்துவிடும் என்று உஷ் சார் வாசலை விட்டு நகரவில்லை. நானே இரண்டு இலைகளோடு வாசலுக்குப் போனேன். பெண்ணைப் பெற்றவனைப் பந்தியில் காணோமே என்று தேடினார்களாம். தேடட்டும். மகள் போய்விடப் போகிறாளே என்று காலையிலிருந்து எனக்கு யாரோடும் பேசவே பிடிக்கவில்லை. அன்று அத்தனை கூட்டத்தில், என்னை எதுவும் பேசச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.