அடைக்கோழியும் ரோமாபுரி ஜாடியும்

கொட்டகை மேசைமேல் ஜாடியைக் காணவில்லை. தொல்லியல் துறை அதிகாரி வர இன்னும் அரைமணி நேரம்தான்.

ஆய்வாளர் இளஞ்செழியன் மேசைக்கடியிலும் குனிந்து தேடிவிட்டார். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஆற்றோரக் கரும்புக் காட்டில் ஒரு வருடமாக அகழாய்வு என்று தோண்டி, கிடைத்த ஒரே உருப்படி அது. ரோமாபுரியிலிருந்து கப்பலேறி வந்த மது ஜாடி. கழுத்து போய்ப் பாதிதான் மிச்சம். இருந்தாலும், 'சிற்றரசன் விருந்தில் மது பரிமாறிய ஜாடி' என்று அட்டைகூட எழுதி வைத்துவிட்டார். அதிகாரி பார்த்துத் தலையாட்டினால் அடுத்த வருடமும் தோண்டலாம். இல்லையென்றால் இன்றோடு குழியை மூட வேண்டியதுதான்.

"சௌமியா, ஜாடி எங்கம்மா?"

"கழுவி வெயில்ல காய வெச்சேன் சார்." உதவியாளர் சௌமியா நிமிரவில்லை. தோண்டும்போது ஜாடிக்குள் அடைந்துகிடந்த மண்ணை மும்முரமாகச் சலித்துக்கொண்டிருந்தாள்.

இளஞ்செழியன் தோட்டத்துக்காரம்மா சௌந்திரத்தின் வீட்டுக் கொல்லைக்கு ஓடினார். ஜாடி பத்திரமாக இருந்தது. அதற்குள் ஒரு கோழியும் பத்திரமாக இருந்தது.

"அக்கா, இது ரெண்டாயிரம் வருஷத்துச் சாமானுங்க."

"ஒடைஞ்ச பானைதானுங்களே சாமி. சும்மா கெடக்குதேன்னு அடை வெச்சுட்டனுங்க. நல்ல நேரம் பாத்து ஒக்கார வெச்சது. இப்பக் கலைச்சா அத்தனையும் கூமுட்டையாப் போயிருமுங்க."

கெஞ்சிப் பயனில்லை. கோழியைப் பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றலாம் என்று அவரே கையை விட்டார். மேலே கோழி கொத்தியது. அடியில் ஏதோ குத்தியது. விரலில் ரத்தம்.

"அது ஆணிங்க," என்றார் சௌந்திரம். "இடி இடிச்சா முட்டை கெட்டுப்போவுமுங்க. அதுக்குத்தான் முட்டைக்கு அடியில பரப்புன சாம்பலுக்குள்ள ஒரு இரும்பு போட்டு வெக்கறது."

வாசலில் ஜீப் சத்தம். வேறு வழியில்லாமல் கோழியோடு ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மேசைமேல் வைத்துத் தன் வெள்ளைத் துண்டால் மூடினார். இருட்டில் கோழி அடங்கிவிட்டது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் அதிகாரி உள்ளே வந்துவிட்டார்.

"அட, திறப்பு விழாவா? சொல்லவே இல்லையே." மனிதருக்குத் துணியை இழுத்துத் திறந்துவைப்பதென்றால் கொள்ளை ஆசை. தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

"வேண்டாம் சார், ஒரே தூசி..."

இழுத்துவிட்டார். கோழி அவர் தலையில் ஏறி மிதித்துப் பறந்தது. சாம்பல் மொத்தமும் முகத்தில்.

"பொறுங்க சாமி, முட்டை, முட்டை," என்று பின்னாலேயே ஓடிவந்தார் சௌந்திரம்.

அதிகாரி சாம்பலைத் துப்பினார். "ரோமாபுரி ஜாடியில கோழிய அடை வெச்சிருக்கீங்க. இந்த ரெண்டாயிரம் வருஷத்துல இப்படியொரு கூத்தை எவனாவது பண்ணியிருப்பானாய்யா? குழிய மூடுங்க."

இளஞ்செழியனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சௌமியா சல்லடையோடு வந்து நின்றாள்.

"சார், ஜாடிக்குள்ள இருந்த பழைய மண்ணைச் சலிச்சு முடிச்சுட்டேன். மதுவெல்லாம் ஒண்ணுமில்ல சார். சாம்பல், முட்டை ஓடு, துருப்பிடிச்ச ஆணி ஒண்ணு."